தீவின் பெயரும் கூடும்

பிறை வடிவப் புள்ளியோடு தென்கிழக்காசியாவில் எந்தப் பட்டு அந்து கிடைத்தாலும் ‘சாமியா சிந்தியா’ என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. இதழுக்கு வரும் கட்டுரைகளிலும், ஆய்வகப் பெட்டிகளில் குத்திய சீட்டுகளிலும் அதைப் பார்க்கிறோம். சான்று இல்லாமல் அந்தப் பெயரோடு வரும் கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது.

சிந்தியா என்பது ட்ரூ ட்ரூரி 1773இல் பெயரிட்ட இனம். சீனத்துக் காட்டு அந்து. அய்லாந்தஸ் மரத்தின் இலையைத் தின்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுக்காக ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். தொழில் நிலைக்கவில்லை, அந்து அங்கேயே தங்கிவிட்டது. இப்படி ஊரெங்கும் அறிமுகமானதாலேயே மற்ற சாமியாக்களும் அதன் பெயருக்குள் அடங்கிப் போயின என்பது எங்கள் எண்ணம். ரிச்சர்ட் பெய்க்லரும் ஸ்டீபன் நௌமனும் 2003இல் வெளியிட்ட மீளாய்வு இந்தப் பேரினத்தைப் பிரித்து அடுக்கியது. ஜாவாவில் இன்சுலாரிஸ், சுமத்ராவில் வானீக்கி, லூசோனில் லூசோனிகா, அந்தமானில் ஃபுல்வா என்று தீவுகளுக்கு அவற்றுக்கே உரிய இனங்கள் இருக்கின்றன. நாம் ஆமணக்கிலும் மரவள்ளியிலும் வளர்க்கும் எரி அந்து ரிசினி. அது கன்னிங்கி என்ற காட்டினத்திலிருந்து மனிதக் கையில் உருவான வளர்ப்பினம். ஆகவே அதைச் சிந்தியாவின் துணையினமாக எழுதுவதையும் விட்டுவிட வேண்டும்.

களத்தில்தான் சிக்கல். நான்கு சிறகிலும் கண்ணாடிப் பிறை, முன்சிறகு நுனியில் கண்புள்ளி, வயிற்றில் வெள்ளைக் குஞ்சங்கள் ஆகியவை ஏறக்குறைய எல்லாச் சாமியாக்களுக்கும் பொது. பேரினத்தை உறுதிசெய்ய அவை போதும், சிற்றினத்துக்குப் போதாது. நிறத்தை நம்பவே கூடாது. ஒரே காட்டில் ஒரே இனம் பருவத்துக்குப் பருவம் வெளிறியும் கறுத்தும் வரும். எரி வளர்ப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: புள்ளியுள்ள புழுவும் புள்ளியில்லாத புழுவும், வெள்ளைக் கூடும் செங்கல் நிறக் கூடும் ஒரே ரிசினியில்தானே பார்க்கிறோம்! பிறையின் நீளம், அதன் வளைவு, வெளிக்கோடு பிறையைத் தொடுகிறதா விலகி ஓடுகிறதா என்பவை ஓரளவு உதவும். அதுவும் ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் வைத்து ஒப்பிட்டால்தான். ஆணின் சிறகு நுனி கூடுதலாக வளைந்திருக்கும், உணர்கொம்பும் அகலம்.

முடிவு சொல்லக்கூடியது ஆணின் பிறப்புறுப்பு அமைப்பு. வயிற்று நுனியைப் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, சுத்தம் செய்து, நுண்ணோக்கியில் வரைய ஒரு பிற்பகல் போதும். இதற்குப் பொறுமையில்லாமல் மரபணுப் பட்டைக்குறியீட்டை மட்டும் நம்பிக் கட்டுரை அனுப்புகிறவர்கள் கூடிவருகிறார்கள். 658 காரங்கள் கொண்ட அந்தத் துண்டு தாய்வழியாக மட்டுமே இறங்குவது. எரி அந்து சில காட்டு உறவினங்களோடு கலந்து வளமான குஞ்சுகளைத் தரும். தாய்லாந்தில் மரவள்ளித் தோட்டங்களை ஒட்டி எரி வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விளக்குத் திரையில் வந்த அந்துவின் தகப்பன் யார் என்று அந்தத் துண்டு சொல்லாது. ரிசினியையும் அதன் மூலமான கன்னிங்கியையும் அதை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வதும் வீண். குறியீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. உடலும் சீட்டும் இல்லாத குறியீட்டை மறுபடி சோதிக்க வழியில்லை என்பதே எங்கள் கவலை.

கூட்டைப் பலரும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது. காட்டுச் சாமியா தன் கூட்டை இலைக்காம்போடு பட்டு நாரால் கிளையில் கட்டித் தொங்கவிடும். வளர்ப்பு எரிக்கு அந்தக் கட்டு நார் இல்லை. காட்டில் பிடித்ததா, வளர்ப்பிலிருந்து தப்பியதா என்ற கேள்வியில் கூட்டைப் போல நேரடியாகப் பேசும் சான்று வேறு இல்லை.

இனி அனுப்புகிறவர்கள் தீவு அல்லது மாவட்டம், கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, புழு தின்ற செடி, காட்டில் பிடித்ததா வளர்த்ததா, வளர்த்ததென்றால் எத்தனையாவது தலைமுறை என்ற விவரங்களோடு, மாதிரி எந்தக் காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். சிற்றினம் உறுதியாகவில்லையென்றால் ‘சாமியா, இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள், வெளியிடுகிறோம். கூட்டைக் காம்போடு சேர்த்து நறுக்கி, அதே எண்ணிட்ட உறையில் வையுங்கள்.