சீட்டுக்கட்டுக்கு எதற்கு முன்னோர் வேடம்?

“இந்த உலகுக்கும் மறு உலகுக்கும் நடுவிலுள்ள திரை மெலியும் இரவு இது. நம் முன்னோர் செய்ததுபோல் டாரட் சீட்டுகளை விரிப்போம், அவர்கள் குரலைக் கேட்போம்.” அக்டோபர் பிறந்ததும் ஏறக்குறைய இதே சொற்களில் அழைப்பு வரத் தொடங்கிவிடும். ஹாலோவீனுக்கு ஒரு விரிப்பு, டிசம்பரின் நீண்ட இரவுக்கு ஒன்று, வசந்தம் பிறக்கையில் ஒன்று, அறுவடைக்கு ஒன்று என்று ஆண்டு முழுக்க இது ஓயாது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிக் கடைத்தெருவிலும் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரிலும் ஓடிய வியாபாரம் இன்று தமிழ் யூடியூப் வரைக்கும் வந்துவிட்டது.

சீட்டு எடுத்துப் பலன் பார்ப்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. மனக்கலக்கம் உள்ளவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். என் கோபமெல்லாம் ‘முன்னோர் செய்ததுபோல்’ என்று கூசாமல் சொல்கிறார்களே, அதன்மீதுதான். எந்த முன்னோர்? எந்த ஊரில்? எந்த நூற்றாண்டில்? பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் பதில்கள் நான்கைந்துதான், ஒன்றுகூட நிற்காது.

ஹாலோவீனுக்கு முன்னோடியான சௌவின் இரவில் பழைய கெல்டியர் சீட்டுப் பார்த்தார்கள் என்பது ஒன்று. ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்ததே 1370களில். அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அயர்லாந்து கிறித்தவத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. சௌவின் பற்றிய கதைகளை நமக்கு எழுதிவைத்துப் போனவர்களும் மடாலயத்துத் துறவிகளே. அவற்றில் விருந்து உண்டு, சண்டை உண்டு, மறு உலகின் மேடுகள் திறந்துகொள்வதும் உண்டு, சீட்டு இல்லை. இதற்குமேல் இதில் பேச எதுவும் இல்லை.

எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச் சக்கரம் ஆதிகாலத்தது என்பது இன்னொன்று. இந்த எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களின் இங்கிலாந்து: சூனியக்காரிகளின் பழைய மதத்தை மீட்டெடுப்பதாகச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னரும், பழைய கெல்டியப் பூசாரிகளான துருயிதுகளின் வழியைப் புதுப்பிக்க முனைந்த அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸும். எட்டில் சில விழாக்கள் உண்மையிலேயே பழையவை. ஆனால், எட்டையும் சேர்த்துக் கொண்டாடிய ஒரு பழங்குடியையும் வரலாறு காணவில்லை. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996இல் வெளியிட்ட ‘ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி சன்’ பிரிட்டனின் ஆண்டு விழாக்களை ஆவணம் ஆவணமாகப் புரட்டிப் பார்த்த நூல். படிக்க மனமுள்ளவர்களுக்கு அது கிடைக்காத நூல் அல்ல. செப்டம்பர் விழாவுக்கு மாபான் என்று பெயர் சூட்டியது ஓர் அமெரிக்கர், 1970களில்.

இனி எகிப்து. மற்றப் பொய்களெல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை. டாரட் என்பது எகிப்துப் பூசாரிகள் ஓவியங்களுக்குள் ஒளித்துவைத்த தோத் கடவுளின் நூலாம். கோயில்கள் எரிந்தபோதும் அது தப்பிப் பிழைத்ததாம். நாடோடிகள் அதை ஐரோப்பாவுக்குச் சுமந்து வந்தார்களாம். எத்தனை அட்டைப்பெட்டிகளில், எத்தனை முன்னுரைகளில் இதைப் படித்துவிட்டேன்!

ஆவணங்கள் சொல்வது வேறு. 1440 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் வட்டாரத்து நோட்டரி ஜூஸ்தோ ஜூஸ்தி தம் நாட்குறிப்பில் ஒரு செலவு எழுதினார். ரிமினியின் ஆட்சியாளரும் படைத்தலைவருமான சிகிஸ்மொந்தோ மலாதெஸ்தாவுக்குப் பரிசளிக்க ஒரு துருப்புச்சீட்டுக்கட்டு (டாரட்டுக்கு அன்றைய பெயர் அதுதான்) வாங்கிய செலவு அது. இதுவரை கிடைத்துள்ள பதிவுகளில் டாரட் முதன்முதலாகத் தலைகாட்டுவது இங்கேதான். 1442இல் ஃபெராராவின் எஸ்தே அரண்மனைக் கணக்கேட்டிலும் அது வருகிறது. மிலானை ஆண்ட விஸ்கொந்தி, ஸ்ஃபோர்த்சா குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த சீட்டுகளில் ஒரு பகுதியை இன்றும் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் பார்க்கலாம். டாரட்டின் முழுக் கட்டில் 56 சாதாரணச் சீட்டு, 21 துருப்பு, ஒரு கோமாளி, ஆக 78. கிண்ணம், நாணயம், வாள், தடி என்று நான்கு இனம். துருப்பு இறக்கி வெட்டும் ஆட்டம் ஆடத் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். துருப்புகளில் இருந்த போப்பாண்டவர், பேரரசர், அதிர்ஷ்டச் சக்கரம், மரணம், கடைசித் தீர்ப்பு எல்லாம் அன்றைய இத்தாலியர் தேவாலயச் சுவரிலும் திருவிழா ஊர்வலத்திலும் அன்றாடம் கண்ட உருவங்கள்.

என் கட்சிக்கு மிகப் பெரிய சாட்சி, சீட்டாட்டத்தின் எதிரி ஒருவர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு லத்தீன் பிரசங்கக் கையெழுத்துப்படி இருக்கிறது. எழுதியவர் ஒரு துறவி. பகடை, சீட்டு, துருப்புச்சீட்டு மூன்றையும் சாத்தானின் வேலை என்று சாடுகிறார். துருப்புகளை வரிசையாகப் பட்டியல் போட்டு, கடவுளையும் போப்பையும் சூதாட்டச் சீட்டில் போடுவதா என்று கொதிக்கிறார். குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்த அந்த மனிதர், இந்தச் சீட்டை வைத்துக் குறி சொல்கிறார்கள் என்று ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. குறி சொல்வது திருச்சபையின் கண்ணில் சூதாட்டத்தைவிடப் பெரிய பாவம். அப்படியொரு வழக்கம் ஊரில் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

டாரட் சீட்டுகளுக்குக் குறிப்பொருள் எழுதிய பழைய தாள் ஒன்று இத்தாலியின் பொலோனியாவில் கிடைத்தது. அது 1750 வாக்கில் எழுதப்பட்டது. அதாவது ஆட்டம் தொடங்கி முந்நூறு ஆண்டு கழித்து. எகிப்து வந்து சேர இன்னும் முப்பது ஆண்டு பிடித்தது. பாரிஸில் கோர் த ஜெபலின் என்ற அறிஞர் ஒரு சீமாட்டியின் வீட்டுக்குப் போனபோது அங்கே டாரட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளைப் பார்த்தார், கால் மணி நேரத்தில் இது எகிப்து என்று முடிவு கட்டினார். இதை அவரே எழுதியிருக்கிறார், 1781இல் வந்த ‘லு மோந்த் பிரிமிதிஃப்’ எட்டாம் தொகுதியில். எகிப்திய எழுத்தைப் படிக்க வழிதந்த ரொசெட்டாக் கல் மண்ணிலிருந்து வெளிவந்தது 1799இல். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822இல். ஆக, எகிப்திய எழுத்தில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லாத காலத்தில், ஒரு விருந்துக் கூடத்தில், கால் மணி நேரத்தில் பிறந்தது அந்த ‘ஐயாயிரம் ஆண்டு ஞானம்’. எத்தேயா என்ற பெயரில் தொழில் செய்த ழான் பாப்திஸ்த் அலியெத் 1785இல் டாரட்டில் பலன் பார்க்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். 1789இல் அதற்கென்றே தனிச் சீட்டுக்கட்டும் வெளியிட்டார். 1850களில் மறைஞான எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி வந்து 22 சீட்டுகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு முடிச்சுப்போட்டார். இவ்வளவுதான் அந்தப் பரம்பரை.

கல்யாண மண்டபத்தில் விடிய விடிய ரம்மி ஆடும் கட்டை ஒருவர் தூக்கிப் பிடித்து, இது பொதிகைமலைச் சித்தர் ஒளித்துவைத்த ஓலைச்சுவடி என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

எகிப்துக்கும் சீட்டுக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். கிண்ணம், நாணயம், வாள் ஆகிய இனங்கள் இத்தாலிக்கு வந்தது மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலிருந்து. தடியும் அங்கே போலோ மட்டையாக இருந்ததுதான். இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் அப்படியொரு மம்லூக் கட்டு இருக்கிறது. அரபு எழுத்தழகும் தங்கமும் நீலமுமாக அவ்வளவு அழகு. அரசன், அவனுக்கு நாயிப் எனும் துணைவன், இரண்டாம் துணைவன் என்று அதில் அதிகாரிகளின் வரிசையும் உண்டு. முஸ்லிம் கைவினைஞர்கள் உலகுக்குக் கொடுத்த இந்த உண்மையான கொடை, ‘எகிப்து ஞானம்’ பேசுபவர் வாயில் ஒருநாளும் வராது. இல்லாத தோத் பூசாரிக்கு ஆரத்தி எடுப்பவர்கள், இருந்த மம்லூக் கலைஞனை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அந்த ஆட்டம் சாகவும் இல்லை. பிரான்ஸில் டாரட் இன்றும் மதிப்பெண் எழுதி, போட்டி வைத்து ஆடப்படுகிறது. ஆஸ்திரியாவில் தாரோக். சிக்மண்ட் ஃப்ராய்ட் வாரந்தோறும் நண்பர்களோடு ஆடியது அதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980இல் அறுநூறு பக்கங்களுக்குமேல் ஒரு நூல் எழுதி இந்த வரலாற்றை நிறுவினார். அதற்குப் பிறகும் அட்டைப்பெட்டிகளில் பிரமிடு அச்சாகிறது என்றால் அதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘சீட்டு வேண்டுமானால் புதிதாக இருக்கட்டும். பருவம் மாறும் நாளில் குறி பார்ப்பது நம் பாட்டிமார் வழக்கம்தானே’ என்று அடுத்து ஒன்று சொல்வார்கள். வழக்கம்தான். அந்தப் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்று இவர்கள் ஒருநாளாவது விசாரித்ததுண்டா?

பாரிஸில் எத்தேயா தம் டாரட் புத்தகத்தை வெளியிட்ட அதே 1785இல், ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் ராபர்ட் பர்ன்ஸ் என்ற விவசாயி மகன் ‘ஹாலோவீன்’ என்று ஒரு நெடுங்கவிதை எழுதினார். தம் ஊர்க்காரர்கள் அந்த இரவில் செய்வதையெல்லாம் அதில் வரிசையாகச் சொல்லி, வெளியூர்க்காரர்களுக்குப் புரியவேண்டுமே என்று அடிக்குறிப்புகளும் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க் கைக்கு அகப்படும் கோசுச்செடி ஒன்றைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருக்கிறதா கோணலா என்பது வரப்போகும் துணையின் உருவம். வேரில் ஒட்டிய மண் சீர்வரிசை. தண்டின் உள்குருத்தைக் கடித்துப் பார்த்தால் அது இனிப்பதும் கசப்பதும் அவருடைய குணம். கொட்டைகள் இரண்டுக்குப் பையன் பெயரும் பெண் பெயரும் வைத்து நெருப்பில் போடுவார்கள். சேர்ந்து அமைதியாக எரிந்தால் நல்லது, ஒன்று துள்ளி விலகினால் காதல் கசக்கும். கண்ணைக் கட்டிவிட்டு மூன்று பாத்திரங்களில் ஒன்றில் கைவைக்கச் சொல்வார்கள்; ஒன்றில் தெளிந்த நீர், ஒன்றில் அழுக்கு நீர், ஒன்று காலி. தெளிந்த நீர் என்றால் மணக்கப்போவது கன்னிப்பெண், அழுக்கு நீர் என்றால் கைம்பெண், காலி என்றால் கல்யாணமே இல்லை. ஒரு சிற்றூர் அந்த இரவில் குறி பார்த்த விதம் முழுவதையும் அடுக்கிய கவிதை அது. ஒரு சீட்டுகூட இல்லை.

அயர்லாந்தில் ‘பார்ம்பிராக்’ எனும் உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, குச்சி எல்லாம் வைத்துச் சுடுவார்கள். மோதிரம் வைத்த ரொட்டி அங்கே அக்டோபர் கடைகளில் இன்றும் விற்கிறது. போலந்தில் நவம்பர் 29 இரவில் உருகிய மெழுகைச் சாவித் துளை வழியே தண்ணீரில் ஊற்றி அதன் உருவத்தில் எதிர்காலம் தேடுவார்கள். ஜெர்மனியில் புத்தாண்டு இரவில் ஈயம் ஊற்றுவார்கள். ஈயத்துக்கு 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு கொண்டுவந்தபின் மெழுகுக்கும் தகரத்துக்கும் மாறிக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் பருவம் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் கோசு தோட்டத்தில் நிற்கிறது, கொட்டைகள் முற்றி விழுந்திருக்கின்றன, ஆப்பிள் வீட்டில் குவிந்திருக்கிறது, கணப்பு எரியத் தொடங்கிவிட்டது. அந்த மாதத்தில் கைக்கு எது வந்ததோ அதைக்கொண்டே அந்த மாதத்தைக் கொண்டாடினார்கள். கட்டணம் இல்லை, குரு இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை. ஒரு கூடம் நிறைய ஆட்கள், சிரிப்பு, காதல், கிண்டல். டாரட் கட்டில் எந்தப் பருவம் இருக்கிறது? சித்திரையிலும் மார்கழியிலும் அதே 78 அட்டை. ஆரஞ்சு வண்ணத் துணியை விரித்தால் ஹாலோவீன், வெள்ளை விரித்தால் குளிர்காலம். எதிரே ஆள்கூட வேண்டாம், ஒரு திரை போதும். அந்தப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் காத்த கோசையும் கொட்டையையும் ரொட்டியையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவர்கள் பெயரில் ஒரு கடைச்சரக்கை வைத்திருக்கிறோம். முன்னோருக்குச் செய்யும் மரியாதை இதுவென்றால் அவமரியாதைக்கு இனி என்ன மிச்சம்?

முன்னோரை நினைக்கத்தான் வேண்டும் என்றால் பமீலா கோல்மன் ஸ்மித்தை நினையுங்கள். இன்று உலகெங்கும் புழங்கும் டாரட் படங்கள் அவர் வரைந்தவை அல்லது அவரைப் பார்த்து வரைந்தவை. அவர் வரைந்த கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. அதற்குமுன் பெரும்பாலான கட்டுகளில் வாள் மூன்று என்றால் வெறும் மூன்று வாள். கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணம். அந்த எண் சீட்டுகளுக்கு மனிதரும் காட்சியும் கொடுத்துக் கதையாக்கியது அவர் கை. மூன்று வாள் துளைத்த இதயத்தைப் பார்த்து ‘ஆதிப் படிமம்’ என்று உருகுகிறார்களே, 1490களின் இத்தாலியக் கட்டொன்றின் நிழல் அதில் உண்டு, மீதி பமீலாவின் கோடு. கூலி மிகக் குறைவு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். பல பத்தாண்டுகள் பெட்டியில் இருந்த பெயர்கள் பதிப்பாளர் ரைடரும், திட்டம் கொடுத்த ஏ. ஈ. வெயிட்டும். 1951இல் கார்ன்வால் கடற்கரை ஊரான பூடில் பமீலா வறுமையில் இறந்தார். பெயர் தெரியாத எகிப்துப் பூசாரிக்கு நன்றி சொல்லிச் சீட்டைக் கலைப்பவர்கள், பெயர் தெரிந்த இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

கடைசியாக, ‘யாருக்கு என்ன நஷ்டம்?’ என்ற கேள்வி வரும். தமிழ் யூடியூபைத் திறந்து பாருங்கள். தீபாவளிக்கும் தைக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் மூன்று கட்டுகள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பிரபஞ்சம் உங்களுக்குச் சேதி வைத்திருக்கிறது. பேசுவது தமிழ், அட்டைகள் லண்டன் 1909, சொல்லும் வரலாறு பாரிஸ் 1781. நம் தெருவோரத்துக் கிளி ஜோசியக்காரர் முருகன் படமும் மீனாட்சி படமும் வைத்துக் கிளியை எடுக்கச் சொன்னார். அது எகிப்திலிருந்து வந்தது என்று யாரையும் ஏமாற்றவில்லை. நஷ்டம் உண்மைக்கு. அது போதாதா?

அக்டோபர் 31இல் டாரட் கட்டை எடுத்தே தீரவேண்டும் என்பவர்களுக்குப் பிரெஞ்சு முறை இருக்கிறது. நான்கு பேர் உட்காருங்கள். ஆளுக்கு 18 சீட்டு, நடுவில் 6. பேரம் கேட்டு ஜெயித்தவர் அந்த ஆறையும் எடுத்துக்கொண்டு மற்ற மூவரையும் எதிர்த்து ஆடவேண்டும். துருப்பில் 21, துருப்பில் 1, கோமாளி ஆகிய மூன்றையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.