பூப் பள்ளத்தாக்கில் குப்பை மேடு

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டல் வீதி என்று ஒன்று இருக்குது. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது குப்பை மேடு. இல்லாட்டி, செய்தியில் பார்த்த துப்பாக்கிச் சூடு. பெயருக்கு என்ன அர்த்தம் எண்டு நாங்கள் யோசிச்சதே இல்லை.

ஒல்லாந்த மொழியில் 'ப்ளும்' எண்டால் பூ, 'டால்' எண்டால் பள்ளத்தாக்கு. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்த ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர் இது. பூப் பள்ளத்தாக்கு!

அந்தப் பூவுக்கு வயசு இன்னும் அதிகம். ஜெர்மன்காரரின் 'ப்ளூம', சுவீடன்காரரின் 'ப்ளும்மா', ஐஸ்லாந்துக்காரரின் 'ப்ளோம்' எல்லாம் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லின் பிள்ளைகள். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோத்திக் மொழிக்குக் கொண்டுபோனார். உழைக்காமல், நூல் நூற்காமல் வளரும் லில்லிகளைப் பற்றி இயேசு பேசும் இடத்தில், லில்லியை விட்டுவிட்டு 'ப்ளோமா' என்ற இந்தச் சொல்லையே போட்டார். எங்கட தமிழ் பைபிளிலும் அங்கே லில்லி இல்லை, காட்டுப் பூதான்.

ஆங்கிலத்தில் கதை கொஞ்சம் சிக்கல். பழைய ஆங்கிலத்தில் 'ப்ளோமா' எண்டால் உலோகக் கட்டி. பூவுக்கு அவர்கள் வைத்திருந்த சொல்தான் இன்றைய 'ப்ளொசம்'. 'ப்ளூம்' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. 1066இல் நோர்மன்காரர் வென்ற பிறகு பிரெஞ்சிலிருந்து 'ஃப்ளவர்' வந்து தலைமைக் கதிரையில் இருந்துகொள்ள, 'ப்ளொசம்' மரத்துப் பூக்களோடு ஒதுங்கிவிட்டது. ஆனால் 'ஃப்ளவரின்' லத்தீன் தாய்க்கும் 'ப்ளூமுக்கும்' வேர் ஒன்றுதான். வந்தேறி என்று பார்த்தால், ஒன்றுவிட்ட சகோதரம்!

வேர்ச்சொல் தேடுவது எங்களுக்கும் விருப்பமான வேலைதான். ஆனால் வேர் கிடைச்சதும் பொருள் முழுக்கக் கையில வந்துட்டுது எண்டு நினைக்கிறது பிழை. அரித்தெடுத்த நல்ல கோதுமை மாவையும் ஒல்லாந்தர் 'ப்ளும்' என்றுதான் சொல்கிறார்கள். மாவின் சிறந்த பகுதி என்பதால் அது பூவானது. ஆங்கிலத்திலும் 'ஃப்ளவரும்' மாவைக் குறிக்கும் 'ஃப்ளாரும்' ஒரு காலத்தில் ஒரே சொல்தான். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அதைப் புழங்கும் சனம் காலத்துக்குக் காலம் எழுதிக்கொண்டே இருக்குது.

புளூமெண்டலின் பொருளையும் அப்படித்தான் எழுதினோம். நகரம் தன்ர குப்பையைப் பல வருசமாக அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. அந்த நாற்றத்துக்குள் இருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய சனத்துக்கு அந்தப் பெயரே ஒரு கறையானது. முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆட்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

'உங்கட இடத்தின்ர பெயர் பூ' என்று அவர்களிடம் போய்ச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை ஒருவர் புளூமெண்டல் என்று சொல்லும்போது எங்கட முகம் மாறாமல் இருக்கட்டும். நாளைக்குக் காலையில் வாசலில் வைக்கிற குப்பைப் பை யாருடைய வாசலுக்குப் போகுது எண்டும் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம்.