ஓவியருக்கு ஆண்டில் ஒரு ஞாயிறு போதாது

ஜனவரி முதல் ஞாயிறு நெருங்கும்போது பெங்களூரு ரயில்களில், இருக்கைக்கு அடியிலும் கதவோரத்திலும் சில விநோதமான மூட்டைகளைப் பார்க்கலாம். போர்வை சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய சட்டங்கள், பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டிச் செருகிய கேன்வாஸ், தெர்மகோல் அடைத்த அட்டைப்பெட்டிக்குள் கண்ணாடி போட்ட தஞ்சாவூர்ப் படங்கள். கூட்டத்தில் யாராவது அவற்றின் மேல் உட்கார்ந்துவிடப் போகிறார்களே என்று இரவெல்லாம் கண் மூடாமல் வருபவர்கள் தமிழ்நாட்டு ஓவியர்கள். கர்நாடக சித்திரகலா பரிஷத் குமார கிருபா சாலையில் நடத்தும் ‘சித்ர சந்தே’ என்ற ஒரு நாள் ஓவியச் சந்தையில் கடை போடப் போகிறார்கள்.

1960-இல் பிறந்த அந்தப் பரிஷத், 2025 ஜனவரி 5 அன்று 22-ஆவது சந்தையை நடத்தியது. ஏறத்தாழ 1,500 கலைஞர்கள், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், வேடிக்கை பார்க்கவும் வாங்கவும் வந்த மக்கள் லட்சக்கணக்கில். நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்ச ரூபாய்க்கும் உண்டு. கர்நாடக முதலமைச்சரின் அலுவலக இல்லம் இருக்கும் சாலையையே அன்று முழுதும் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். கொரோனா காலத்திலும் கைவிடவில்லை. 2021-இல் இணையவழியில் நடத்தினார்கள், 2022-இல் மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைத்துச் சாலைக்கே திரும்பினார்கள். அண்டை மாநிலத்தின் இந்தப் பிடிவாதத்தை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் நம் ஓவியர்கள் சொந்த ஊர் மக்களிடம் படம் விற்க ஏன் ஒரு தெரு இல்லை என்ற கேள்வியும், ஆண்டுக்கு ஒரு நாளில் எந்தத் தொழிலாவது பிழைக்குமா என்ற கேள்வியும் இந்தப் பாராட்டோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன.

திறந்தவெளிச் சந்தையில் ஓர் ஓவியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று வாங்கப் போகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. விடிவதற்குள் போய் இடம் பார்க்க வேண்டும். ஒதுக்கிய இடம் சில அடி நடைபாதையும் அதன் பின்னால் ஒரு சுற்றுச்சுவரும்தான். கம்பிவலை, சணல் கயிறு, எஸ் வடிவக் கொக்கி, துணி கிளிப் எல்லாம் அவரே கொண்டுவந்தாக வேண்டும். மரநிழல் கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். கிடைக்காதவரின் நீர்வண்ணப் படங்கள் நண்பகல் வெயிலில் நெளியத் தொடங்கும். வெயில் பட்ட கண்ணாடியில் படம் தெரியாது, பார்ப்பவரின் முகம்தான் தெரியும். காற்று அடித்தால் ஸ்டாண்டோடு சாயும், தூறல் விழுந்தால் தார்ப்பாயைத் தேட வேண்டும். தனியாக வந்தவருக்குச் சாப்பிடப் போவதும் சிறுநீர் கழிக்கப் போவதும் பக்கத்துக் கடைக்காரரின் தயவு. பெண் ஓவியர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவே வியாபாரம். “இது பிரிண்டா, கையில வரைஞ்சதா?” என்பது முதல் கேள்வி. “ஃபிரேம் இல்லாம எவ்வளவு?” என்பது இரண்டாவது. மூன்றாமவர் எதுவும் கேட்காமல் மொபைலில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அது நாளைக்கு எந்தக் கடையின் டிஜிட்டல் பிரிண்டாக எந்த ஓட்டலின் வரவேற்பறையில் தொங்குமோ! பக்கத்தில் பென்சிலால் பத்து நிமிடத்தில் முகம் வரைந்து தருபவரிடம் மட்டும் வரிசை நிற்கும். மூன்று மாதம் உட்கார்ந்து, பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடி குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே தன் படத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்தக் குறியீட்டை வைத்து வரைபவரின் கடைமுன் ஒரு வரிசையை நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் சந்தையின் உண்மையான குறை வெயிலும் மழையும் அல்ல. ஓவியம் முதல் பார்வையில் விற்கிற பொருள் இல்லை. முந்நூறு ரூபாய்க் கோட்டுச்சித்திரத்தை யாரும் நின்ற இடத்தில் வாங்கிவிடுவார்கள். பதினைந்தாயிரம் ரூபாய்ப் படத்தை வாங்க நினைப்பவர் வீட்டுச் சுவரை அளக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும், ஒரு வாரம் அந்தப் படம் மனதில் கிடக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடி போய்ப் பார்த்து, “போன வாரம் பார்த்தோமே, அது இருக்கா?” என்று கேட்பவர்தான் வாங்குகிறவர். அந்த அடுத்த ஞாயிறு இல்லவே இல்லை. ஓவியர் அதற்குள் கும்பகோணத்துக்கோ மதுரைக்கோ திரும்பியிருப்பார், விற்காத பெரிய படங்களைச் சுமந்துகொண்டு, இரண்டாம் முறையும் அதே ரயில் செலவோடு.

கேன்வாஸ், வண்ணம், சட்டம், பயணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் கையிலிருந்து போட்டுவிட்டு, பத்து மணி நேரக் கூட்டத்தை நம்பி நிற்பதைத் தொழில் என்று சொல்ல முடியாது. லாட்டரி என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மாற்றாக இருக்கும் தனியார் காட்சிக்கூடங்களோ விற்பனைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கழிவாக எடுத்துக்கொள்பவை. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள அந்த அறைக்குள் நுழைய, வாங்கும் வசதி உள்ள நடுத்தரக் குடும்பங்களே தயங்குகின்றன. தெருவில் அந்தத் தயக்கம் இல்லை. கையில் பொரி பொட்டலத்தோடு படம் பார்க்கலாம்.

எனவே நம் நிலைப்பாட்டை நேரடியாகவே சொல்லிவிடுகிறோம்: தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாநகராட்சியும் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே இடத்தில், ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் ஒரு தெருவைக் கொடுக்க வேண்டும். இடவாடகை பெயரளவுக்கு இருக்கட்டும், கழிவுத்தொகை கூடாது. அரசு விழாக்களின் ஓரத்தில் போடும் நாலு ஸ்டாலும், எப்போதாவது ஒருமுறை நடக்கும் கண்காட்சியும் இதற்கு ஈடாகாது. மக்களுக்குத் தேதி பழக வேண்டும்.

தெரு ஓவியருக்கும் உரியதுதானா என்ற வழக்கை வேறு நாடுகள் எப்போதோ நடத்தி முடித்துவிட்டன. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1931-இல், வாடகைக்குப் பணமில்லாத ஜாக்சன் போலாக் தன் படங்களை நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தருகே நடைபாதையில் கொண்டுவந்து வைத்தார் என்றுதான் அங்கு இன்றும் நடக்கும் திறந்தவெளிக் கண்காட்சி தன் பிறப்பைச் சொல்லிக்கொள்கிறது. பின்னாளில் அதே நகரம் நடைபாதை ஓவியர்களைக் கைது செய்தது. பொது வியாபார உரிமங்கள் மொத்தமே 853 என்று வரையறுத்துவிட்டு, உரிமம் இல்லை என்று குற்றம் சாட்டியது. ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓவியம் என்பது கருத்து வெளிப்பாடு, அதைத் தெருவில் விற்க இந்த உரிமத்தைக் கட்டாயமாக்குவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கதை அங்கேயே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் நகர நிர்வாகம் முக்கியப் பூங்காக்களில் ஓவியர்களுக்கான இடங்களை எண்ணி வரையறுத்தது, அது நீதிமன்றத்தில் நிலைத்தும்விட்டது. பாரிஸின் மோன்மார்த்ரில் ஒரு சிறு சதுக்கத்தை ஓவியர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கும் உணவகங்களின் மேசை நாற்காலிகளோடு இடத்தகராறு ஓயவில்லை. ஆனாலும் அந்தத் தகராறு யாருக்கு எத்தனை அடி என்பதில்தான். ஓவியர் அங்கே நிற்கலாமா என்பதில் இல்லை.

நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளுக்கே கொடுத்து, எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யச் சொல்லும் நல்ல சட்டம். ஆனால் அதன் வரையறை அன்றாடப் பயன்பாட்டுப் பொருட்களையும் சேவைகளையும் பற்றிப் பேசுகிறது. ஓவியம் அன்றாடப் பயன்பாட்டுப் பொருளா என்று ஒரு போக்குவரத்துக் காவலர் கேட்டால் பதில் சொல்வது கடினம். உட்கார்த்தி வைத்து முகம் வரைந்து கொடுத்தால் அது ‘சேவை’, நிலக்காட்சி வரைந்து தொங்கவிட்டால் அது ஆக்கிரமிப்பு என்றுகூட வாதாடலாம் போலிருக்கிறது! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. கலைப்பொருட்களும் இதில் அடங்கும் என்று மாநில அரசின் ஓர் ஆணையும், விற்பனைக் குழுவில் ஓவியர்களுக்கு ஓர் இருக்கையும் போதும்.

சென்னைக்கு இதில் தனிக் கடமை உண்டு. 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி உள்ள ஊர் இது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்கள் படித்து முடித்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்த்துத்தான் கைவினையை வழியாகக் காட்டினார். ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், அந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். சென்னையின் நவீன ஓவிய இயக்கத்துக்குச் சோறு போட்டதில் ஒரு பங்கு பொதுமக்கள் நேரில் வாங்கிய துணிக்கும் பொருளுக்கும் உண்டு. அந்த வரலாற்றுக்கு மலர் வெளியிடுகிறோம், கருத்தரங்கு நடத்துகிறோம். இன்று சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள கவின்கலைக் கல்லூரிகளிலிருந்தும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலிருந்தும் வெளியே வரும் பிள்ளைகள் பலர் விளம்பர நிறுவனத்துக்கோ, சினிமா செட்டுக்கோ, பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியர் வேலைக்கோ போய்விடுகிறார்கள். அவை கெட்ட வேலைகள் அல்ல. ஆனால் சொந்தப் படம் வரைய மிஞ்சுவது இரவு பத்து மணிக்கு மேல்தான்.

போக்குவரத்து பாதிக்கும் என்பார்கள். ஞாயிறு காலையில் ஆட்டம் பாட்டத்துக்காக இதே மாநகரங்கள் சாலைகளை மூடியிருக்கின்றன. அப்போது வானம் இடிந்து விழவில்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த அகலமான நடைபாதை தயாராக இருக்கிறது. அங்கே ஒரு மாலையில் நடக்கும் கூட்டத்துக்கு முன்னால் நூறு படங்களைத் தொங்கவிட எந்தச் சாலையையும் மூடக்கூட வேண்டாம்.

மழையையும் வெயிலையும் காரணம் காட்டுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காலையில் நடத்தலாம், கோடையில் மாலை நாலு மணிக்கு மேல் விளக்குப் போட்டு நடத்தலாம், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாநகராட்சியின் சமுதாய நலக்கூடத்துக்குள் கொண்டுபோகலாம்.

தரத்தைப் பற்றிய கவலை மட்டும் பதில் சொல்லத் தக்கது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மொத்த வியாபாரிகள் அச்சுப் படங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், கையால் வரைபவர் ஓரங்கட்டப்படுவார். எத்தனையோ நல்ல கைவினைச் சந்தைகள் இப்படித்தான் பொம்மைக் கடைகளாகிவிட்டன. இதற்கு மருந்தும் தெரிந்ததே. அமெரிக்கத் திறந்தவெளிக் கலைச் சந்தைகள் பலவற்றில், வரைந்தவரே நேரில் கடையில் இருந்தாக வேண்டும், ஆள் வைத்து விற்க முடியாது. அந்த ஒரு விதி போதும். எது நல்ல படம் என்று அதிகாரிகள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேர்வுக் குழு அமைத்தால் அதில் ஓவியர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும், ஆண்டுதோறும் மாறட்டும். இல்லையென்றால் சிபாரிசுக் கடிதம் உள்ளவருக்கு மரநிழலும் மற்றவருக்கு வெயிலும் என்று ஆகிவிடும்.

வரி விஷயத்தில் மத்திய அரசு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. கையால் வரைந்த ஓவியங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. வரவேற்கிறோம். ஆனால் விற்கவே இடமில்லாதவருக்கு வரி குறைந்தாலும் ஒன்றுதான், கூடினாலும் ஒன்றுதான்.

வாங்குகிறவர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. குளிர்சாதனக் கடையில் அச்சடித்த சுவர்ப்படத்துக்கு ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். தெருவில் நிற்பவரிடம் மட்டும் கத்தரிக்காய் போலப் பாதிக்குக் கேட்கிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் திரும்பத் தூக்கிக்கொண்டு போகப் பயந்து கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டுப் போகிறவர்களும் உண்டு. சிலர் இதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். சட்டம் செய்தவருக்கும் வண்ணம் விற்றவருக்கும் கொடுத்தது போக ஓவியருக்கு நிற்கும் கூலியைத்தான் அந்தப் பாதி தின்கிறது. மாதாமாதம் சந்தை நடந்தால் இந்தப் பேரமும் தானாகக் குறையும், ஏனென்றால் ஓவியர் ‘இன்று விற்காவிட்டால் போச்சு’ என்ற நெருக்கடியில் இருக்க மாட்டார். அடுத்த மாதமும் அதே இடத்தில் இருப்பார்.

சென்னை மாநகராட்சி பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு இதைத் தொடங்கலாம். மாமன்றத் தீர்மானம் ஒன்று, போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதி, நூறு கம்பிவலைத் தட்டிகள், குடிநீர், பெண்களுக்கென்று தனியாகக் கதவு தாழிடும் கழிப்பறைகள். மாநகராட்சியின் வரவு செலவுக் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. முதல் மாதம் முப்பது பேர்தான் வருவார்கள், கூட்டமும் சுமாராகத்தான் இருக்கும். அதைக் காட்டி இரண்டாவது மாதமே நிறுத்திவிடாமல், குறைந்தது ஓராண்டுக்கான பன்னிரண்டு தேதிகளையும் முதல் நாளே அறிவித்துவிட வேண்டும்.