கையேட்டுக்குத் தனிச் சட்டம்

ஈமாக்ஸ் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சிக்கல் அதன் கையேட்டில்தான். புரோகிராமுக்கு ஜிபிஎல் உரிமம்; கையேட்டுக்கோ 2000-ல் வந்த ஜிஎஃப்டிஎல் என்ற வேறு உரிமம். இரண்டையும் எழுதியது ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய அதே சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை.

ஜிஎஃப்டிஎல்லில் ஒரு ஷரத்து: சில பகுதிகளை 'மாற்றக் கூடாதவை' என ஆசிரியர் அறிவிக்கலாம். பிறகு அவற்றை நீக்கவும் முடியாது. ஈமாக்ஸ் கையேட்டில் இப்படிப் பூட்டப்பட்டவற்றில் ஒன்று, ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட குனு கொள்கை அறிக்கை. கட்டளைகளை விளக்கும் பத்துப் பக்கங்களை மட்டும் பிரித்து வெளியிட நினைப்பவரும் அதைச் சுமந்தாக வேண்டும். அது சுதந்திரம் பற்றிய அறிக்கை என்பதுதான் வேடிக்கை.

லினக்ஸ் தொகுப்பு தயாரிக்கும் டெபியன் குழு 2006 மார்ச்சில் வாக்கெடுப்பே நடத்தியது. பூட்டிய பகுதிகள் இல்லாத கையேடுகள் மட்டுமே சுதந்திரமானவை என்பது தீர்ப்பு. ஈமாக்ஸ் உள்ளே இருந்தது; அதன் கையேடு 'சுதந்திரமற்றவை' பட்டியலுக்குப் போனது.

அங்கே விதியாவது எழுத்தில் இருந்தது. உரிமம் எதுவென்றே சொல்லாத கையேடுகள்தான் பெரிய தலைவலி. புரோகிராமின் உரிமம் கையேட்டுக்கும் பொருந்தும் என்று பலர் தாமாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு உரிமையும் உரிமையாளருக்கே. நல்லெண்ணத்தோடு தமிழில் பெயர்ப்பவரும் அனுமதி கேட்க வேண்டியவரே. கையேட்டுக்கு எந்த உரிமம், அதில் எந்தப் பதிப்பு, உள்ளே வரும் மாதிரி புரோகிராம்களுக்கு எது என்று முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தால் அவர் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை.