பழைய டிராக்டருக்கு முதல் செலவு மீட்டருக்கே!

பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் ஒரு நிமிடம் டேஷ்போர்டைப் பாருங்கள். ஹீட் மீட்டர் முள் அசைகிறதா? ஆயில் மீட்டர் வேலை செய்கிறதா? பல வண்டிகளில் மீட்டர் செத்துப்போய் ஆண்டுக்கணக்காகியிருக்கும். ஆனால் அதே வண்டிக்குப் புது பெயின்ட், எல்.இ.டி. விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாம் வந்திருக்கும். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

'சத்தத்தை வைத்தே இன்ஜின் நிலையைச் சொல்லிவிடுவேன்' என்பார்கள் அனுபவமுள்ள டிரைவர்கள். அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயில் பிரஷர் இறங்கும்போது முதலில் சத்தம் வராது. சத்தம் மாறும்போது பேரிங் தேயத் தொடங்கியிருக்கும். சேற்றுழவில் வைக்கோல் தூசியும் சேறும் ரேடியேட்டரை அடைத்துவிடும். ஃபேன் பெல்ட்டும் தளரும். சூடு மெல்ல மெல்ல ஏறுவது ரோட்டவேட்டர் இரைச்சலில் யாருக்கும் தெரியாது. ஹெட் கேஸ்கெட் போன பிறகு தெரிந்து பயனில்லை. இன்ஜின் வேலை ஒரு பருவத்து வருமானத்தையே விழுங்கிவிடும். மீட்டர் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஹீட் மீட்டர், ஆயில் மீட்டர், வோல்ட் மீட்டர் மூன்றும் அவசியம். மீட்டரையும் அதன் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பழைய சென்சாரில் வேறு மீட்டரை இணைத்தால் முள் அசையும். ஆனால் பொய் சொல்லும். பொய் சொல்லும் மீட்டரைவிட மீட்டர் இல்லாததே மேல்.

வயரிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வயர் இழுப்பது ஆபத்து. வண்டி அதிர்வில் வயர் தகட்டில் உரசி, தோல் கிழிந்து ஷார்ட் ஆகும். பக்கத்திலேயே டீசல் டேங்க் இருக்கிறது. எனவே பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாவி சுவிட்ச் வழியாக, 5 ஆம்பியர் பியூஸ் போட்டு, 1 சதுர மி.மீ. வயரில் கரண்ட் எடுத்தால் மூன்று மீட்டருக்கும் போதும். தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் வையுங்கள். சைலன்சர் பக்கம் வயர் போகக் கூடாது.

எர்த் வயரைத் துருப்பிடித்த டேஷ்போர்டில் முறுக்காமல், சுத்தமான இன்ஜின் பாடியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். விளக்கைப் போட்டதும் முள்கள் சேர்ந்து ஆடினால் எர்த் சரியில்லை என்று பொருள். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரையே எர்த். அதில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகலாம்.

பழைய ஆம்ப் மீட்டரைக் கழற்றினால், அதிலிருந்த இரண்டு கனமான வயர்களையும் ஒன்றாகப் போல்ட் போட்டு நன்றாக மூடுங்கள். சார்ஜ் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. வோல்ட் மீட்டரில், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் முள் நிற்க வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

ஹவர் மீட்டரும் போடுபவர்கள் அதைச் சாவியில் இணைக்காதீர்கள். சாவியை மறந்து விட்டுப்போனால் நின்ற வண்டிக்கும் மணி ஏறும். ஆயில் மாற்றும் கணக்கு தப்பும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், இன்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் முனையைக் காட்டச் சொல்லி அதில் இணையுங்கள்.

மீட்டர் போட்டாயிற்று என்று காலையில் தண்ணீர், ஆயில் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும். முள் குறைவாகவே காட்டக்கூடும்.

வேளாண்மைப் பொறியியல் துறையினருக்கும் களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பராமரிப்பு முகாம்களில் புதிய கருவிகளைக் காட்டுகிறீர்கள்; நல்லதுதான். அதோடு, வரும் பழைய வண்டிகளில் மீட்டர் வேலை செய்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்து, ஒரு வண்டியில் மீட்டர் மாட்டிக் காட்டினால் பத்துப் பேர் கற்றுக்கொள்வார்கள்.

கடைசியாக, வண்டியை ஓட்டுபவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். ஓடும்போது ஆயில் முள் விழுந்தால் ஒரு நொடிகூட யோசிக்காமல் இன்ஜினை நிறுத்த வேண்டும். ஹீட் முள் சிவப்பைத் தொட்டால் உழவை நிறுத்தி, தண்ணீர் ஒழுகாத பட்சத்தில் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.