இன்னும் படிக்கிறாளா?

சென்ற மாதம் மட்டாஞ்சேரியில் நம்மவர் வீட்டு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், "உங்க அண்ணன் மகள் என்ன செய்யறா?" என்று கேட்டார். "டாக்டர் பட்டம் வாங்கிட்டா. இப்ப போஸ்ட் டாக் ஆராய்ச்சி" என்றேன். "அப்ப இன்னும் படிக்கிறாளா? வயசு முப்பத்திரண்டு ஆச்சே!" என்றார். பாயசம் வந்தது, தப்பித்தேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவள் படிக்கவில்லை, வேலை பார்க்கிறாள். கடலில் மீன் பெருகுமா, குறையுமா என்பதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. இது நமக்கு அந்நியமல்ல. நான் யூதத் தெருவில் மிளகுக் கடையில் முப்பது ஆண்டு கணக்கெழுதியவன். மழையையும் கையிருப்பையும் பார்த்து, மூன்று மாதம் கழித்து வரும் விலையை முதலாளி மனக்கணக்காகவே சொல்வார். அவர் மனத்தில் போட்ட கணக்கை இவள் எழுதிப் போடுகிறாள். தவறினால் எங்கே தவறியது என்று பிறரும் பார்க்கலாம்.

இதனால் யாருக்கு லாபம்? மத்தி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021-இல் சுமார் 3,300 டன்தான்! கணக்குத் தந்தது கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947-இல் பிறந்து, நம் மண்டபத்திலிருந்து 1971-இல் நம்மைப் போலவே இங்கே குடிவந்த நிலையம் அது. எல்லாத் துறையிலும் தினமும் ஆள் நிறுத்தி எண்ண முடியாது. சில துறைகளில் சில நாள் எண்ணி, கடற்கரை முழுவதற்கும் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு பிடித்தால் மீன் மிஞ்சும் என்று சொல்ல அண்ணன் மகளைப் போன்றவர்கள் வேண்டும். 2020-இல் கொரோனா பரவும் வேகத்தைச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தார் கணக்கிட்டதும் இவ்வகை வேலைதான்.

குறை இல்லாமலில்லை. மத்திய அரசின் தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை இரண்டே ஆண்டுக்கு. பிறகு வேறு ஊர், வேறு விண்ணப்பம். முன்பு இருந்த இடத்தில் அவளுக்கு ஐந்து மாதம் பணம் வரவில்லை; அண்ணன்தான் வாடகை அனுப்பினார். ஆராய்ச்சியாளருக்கும் பால்காரர் மாதாமாதம்தானே கணக்கு நீட்டுகிறார்? தொகை மாதம் தவறாமல் வரவேண்டும், காலமும் நீளவேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை ஆண்டு என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். கற்ற புள்ளியியலும் புரோகிராமும் காப்பீட்டிலும் வங்கியிலும் வானிலைத் துறையிலும் சோறு போடும். அங்கே போவது தோல்வியல்ல.

துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து, இரண்டாண்டு ஆராய்ச்சி செய்யச் சொன்னது. அதுவும் நிரந்தர வேலையல்ல!

நம் சங்க ஆண்டு விழாவில் பிளஸ் டூவில் முதலிடம் பெற்றவர்களுக்குச் சால்வை போடுகிறோம், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு ஓர் ஆராய்ச்சியாளரையும் மேடையேற்றி, தன் வேலையைத் தமிழில் சொல்லச் சொல்வோம். அப்புறம் பந்தியில் யாரும், "இன்னும் படிக்கிறாளா?" என்று கேட்கமாட்டார்கள். "இந்த வருஷம் மத்தி எப்படி?" என்றுதான் கேட்பார்கள்.