ஒரு நர்ஸ் பேரில் ஒரு போர்க்கப்பல்

1/ போர்க்கப்பலுக்குப் பேர் வைக்கிறது சும்மா சடங்கு இல்லைங்க. ஒரு நாடு யாரை மறக்கக் கூடாதுன்னு நினைக்குதுன்னு அந்தப் பேரே சொல்லிடும். ஒரு கப்பல் கதை சொல்றேன், படிங்க.

2/ அமெரிக்காவில் கப்பலுக்குப் பேர் வைக்கும் அதிகாரம் கடற்படைச் செயலருக்கு. டெஸ்ட்ராயர் வகைக் கப்பல்னா, கடற்படையில் சாதித்தவர்களின் பேரை வைப்பது வழக்கம். பெரும்பாலும் சண்டை போட்ட ஆண்கள்.

3/ அந்த வரிசையில் 1945-ல் சேவைக்கு வந்தது ‘யுஎஸ்எஸ் ஹிக்பி’. லீனா ஹிக்பி ஒரு நர்ஸ். கடற்படையில் பணியாற்றிய பெண்ணின் பேரைத் தாங்கிய முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அதுதான்.

4/ 1908-ல் கடற்படை நர்ஸ் பிரிவு தொடங்கியபோது சேர்ந்த முதல் 20 பேரில் அவங்களும் ஒருத்தர். அந்த 20 பேருக்கும் ரேங்க் கிடையாது. தங்க இடமோ சாப்பாடோ கூட கடற்படை தரலை. அவங்களே வாடகைக்கு வீடு பிடிச்சு இருந்தாங்க.

5/ 1911-ல் ஹிக்பி அந்தப் பிரிவுக்கே தலைவர். முதல் உலகப் போரும் 1918 இன்ஃப்ளூயன்சாவும் அவங்க காலத்தில்தான். பிறகு ‘நேவி கிராஸ்’ விருது 4 நர்ஸ்களுக்குக் கிடைச்சது. உயிரோட வாங்கினது ஹிக்பி மட்டும். மரீ ஹிடெல், லில்லியன் மர்ஃபி, எட்னா பிளேஸ் மூணு பேரும் நோயாளிகளைப் பார்த்துக்கிட்டே அதே காய்ச்சலில் போய்ட்டாங்க.

6/ இப்போ நம்ம கதைக்கு வருவோம். 2020-ல் கை தட்டினோம், விளக்கு ஏத்தினோம். சரி, கோவிட் வார்டில் ராத்திரி முழுக்க நின்ன ஒரே ஒரு நர்ஸ் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்? நமக்கு எல்லாருமே ‘சிஸ்டர்’தான்.

7/ “பேர் வச்சா சம்பளம் ஏறுமா டாக்டர்?”னு கேட்பீங்க. ஏறாது. நியாயமான சம்பளமும் நிரந்தர வேலையும்தான் முதல்ல வேணும். ஆனா பேரே தெரியாதவங்களுக்காக யார் குரல் கொடுப்பாங்க?

8/ நம்ம கடற்படையில் ஐஎன்எஸ் சென்னைன்னு ஊர் பேர் உண்டு, 2015 வரை ஐஎன்எஸ் கோதாவரின்னு ஆறு பேரும் இருந்தது. அழகான பேர்கள்தான். பெருந்தொற்றில் உயிரைக் கொடுத்த ஒரு நர்ஸ் பேரும் அங்கே மிதக்கட்டுமே!

9/ ஹிக்பி இறந்தது 1941-ல். 2023-ல் இன்னொரு டெஸ்ட்ராயர் அவங்க முழுப்பேரோட கடலுக்கு வந்தது. அதில் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு மாலுமியும் “யார் இவங்க?”ன்னு ஒரு தடவையாவது கேட்பாங்க இல்லையா? அந்தக் கேள்விக்காகத்தான் பேர் வைக்கணும்.